சோடியம் இறங்கிய கச்சேரி

சங்கீதக் குடும்பத்தில் பெண் எடுத்தவனுக்கு டிசம்பர் என்பது மாதம் அல்ல, உத்தியோகம். மனைவி மேடையில் உட்கார்ந்து பாடுவாள். நாம் ஃபிளாஸ்க் தூக்க வேண்டும், செருப்புகளைப் பார்த்துக்கொள்ள வேண்டும், தெரிந்தவர்கள் வந்தால் எழுந்து இடம் கொடுக்க வேண்டும், நடுநடுவே தலையாட்ட வேண்டும். (தப்பான இடத்தில் ஆட்டினால் முன் வரிசை மொத்தமும் திரும்பிப் பார்க்கும். அனுபவம்.) சம்பளம் கிடையாது. ஆனால் வேலையை விட்டு நீக்குவார்கள். அப்படி நீக்கப்பட்டவன் நான்.

நான் சாந்தோம்காரன். பெயர் ஆண்டோ. ஞாயிற்றுக்கிழமை பூசையில் பாடகர் குழுவோடு நின்று பாடி வளர்ந்ததால், சுருதி என்றால் என்னவென்று ஓரளவுக்குத் தெரியும். சாரு மயிலாப்பூர். அவளுடைய அப்பாவும் தாத்தாவும் பாட்டு சொல்லிக்கொடுத்தே வாழ்ந்தவர்கள். எங்கள் கல்யாணத்துக்கு இரண்டு வீட்டிலும் நடந்த ரகளையை இங்கே எழுதப் போவதில்லை. கடைசியில் எல்லோரும் சாப்பிட்டுவிட்டு சமாதானமானார்கள். அது போதும்.

சமாதானம் ஆனாரே தவிர, மாமனாருக்கு என் தொழில் என்னவென்று புரியவே இல்லை. அடையாறு பக்கம் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் நான் சோடியம் அயனி பேட்டரிக்கு கேத்தோடு செய்துகொண்டிருந்தேன். லித்தியத்துக்குப் பதிலாக சோடியம். உப்பில் இருக்கிறதே, அதே சரக்கு. முதல் தடவை இதைச் சொன்னபோது மாமா காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு என்னைக் கவலையோடு பார்த்தார்.

"எனக்கே சோடியம் கம்மியா இருக்குன்னு டாக்டர் சொல்லிண்டிருக்கார். நீங்க அதை எடுத்து பேட்டரியில போடறேளா?"

அதற்கு முந்தைய மாதம்தான் அவருக்குத் தலை சுற்றி, ரத்தப் பரிசோதனை செய்து, சோடியம் இறங்கிவிட்டது என்று ஆஸ்பத்திரியில் படுக்க வைத்திருந்தார்கள். அதிலிருந்து சோடியம் அவருக்குச் சொந்த விஷயம்.

நான் சும்மா இருந்திருக்கலாம். ஆனால் மாமனாரிடம் நல்ல பெயர் வாங்க வேண்டும் என்ற வியாதி எனக்கு இருந்தது. உட்கார வைத்துப் பாடம் எடுத்தேன். "மாமா, கேத்தோடுங்கறது பேட்டரியோட ஒரு முனை. அதை ஒரு ஃப்ளாட்னு வெச்சுக்குங்க. அடுக்கடுக்கா இருக்கும். அதுல சோடியம் குடியிருக்கு. சார்ஜ் ஏத்தறப்ப எல்லாரும் வீட்டைக் காலி பண்ணிட்டு எதிர் முனைக்குப் போகணும். நாம பேட்டரியை உபயோகிக்கறப்ப திரும்பி வரணும். சோடியம் கொஞ்சம் பருமன். அவசரமா காலி பண்ணச் சொன்னா இடிச்சுத் தள்ளிட்டு ஓடும், மாடியெல்லாம் நகர்ந்துடும், சுவர் விரிசல் விடும். அப்படி விரிசல் விடாம, சீக்கிரமா காலி பண்ண வைக்கறதுதான் என் வேலை."

"ஓ, ரியல் எஸ்டேட்டா" என்றார் மாமா.

அந்த வருடம் சாருவுக்கு ஒரு பெரிய சபாவில் பகல் கச்சேரி கிடைத்தது. பகல் கச்சேரி என்றால் டிக்கெட் கிடையாது. கூட்டமும் கிடையாது. வெயிலுக்கு ஒதுங்கியவர்கள், சொந்தக்காரர்கள், தூங்குகிறவர்கள் என்று மூன்று பிரிவாக ஜனங்கள் இருப்பார்கள். ஆனால் இந்தத் தடவை சபா செயலாளரே வந்து கேட்பதாகச் சொல்லியிருந்தார். அவருக்குப் பிடித்தால் அடுத்த வருடம் சாயங்காலக் கச்சேரி. பகலிலிருந்து சாயங்காலத்துக்குப் போக சிலருக்கு ஆயுசே போதுவதில்லை. சாரு அதற்காக ஜூலையிலிருந்து ஐஸ்கிரீமைத் தொடவில்லை. வீட்டில் மிக்சி சத்தம் கேட்டால்கூட அதன் சுருதியில் ஆலாபனை பண்ணிக்கொண்டிருந்தாள். பாவம், அவ்வளவு ஆசை.

இப்போது மாமாவின் சுருதிப் பெட்டிக்கு வருகிறேன். கச்சேரி முழுக்கப் பின்னால் ஒரே சீராக ரீங்கரிக்கும் பெட்டி. பாடுகிறவர், வயலின், மிருதங்கம் எல்லோரும் அந்த ரீங்காரத்தைப் பிடித்துக்கொண்டுதான் நிற்க வேண்டும். எவ்வளவு உயரத்தில் பாடுவது என்பதைக் கட்டைக் கணக்கில் சொல்வார்கள். சாருவுக்கு அஞ்சரைக் கட்டை. இந்தக் காலத்தில் எல்லாம் போனிலேயே வந்துவிட்டது. மாமா ஒத்துக்கொள்ள மாட்டார். "அதுல வர்றது சுருதி இல்லே, ரிங்டோன்" என்பார். அவருடைய பெட்டி எலக்ட்ரானிக்தான், ஆனால் பழைய காலத்து எலக்ட்ரானிக். அடாப்டர் போட்டால் மைக்கில் 'ஙொய்' என்று ஒரு சத்தம் வரும். அதனால் எப்போதும் டார்ச் செல்தான் போடுவார். அந்த டிசம்பரில் செல்லெல்லாம் பொங்கி வழிந்து பெட்டிக்குள் பச்சையாகப் பூத்திருந்தது. மாமா அதைத் துடைத்துக்கொண்டே, "இந்தச் செல்லை நம்பி ஒரு கச்சேரி பண்ண முடியறதா?" என்று புலம்பினார்.

புலம்பியது என் காதில் விழுந்தது. விதி.

"மாமா, நான் ஒரு பேட்டரி தர்றேன். பத்தே நிமிஷத்துல சார்ஜ் ஏறிடும். நாங்களே செஞ்சது."

உள்ளே இருந்து சாரு குரல் கொடுத்தாள். "ஆண்டோ, வேண்டாம். அன்னிக்கு மட்டும் வேண்டாம்."

"என்ன சாரு, என் மேல நம்பிக்கை இல்லையா?"

"உன் மேல இருக்கு. உன் பேட்டரியை நேக்குத் தெரியாது."

புத்திசாலி. ஆனால் மாமா அதற்குள் மயங்கிவிட்டார். பக்கத்து ஃப்ளாட்டில் போய், "எங்காத்து மாப்பிள்ளை உப்புலேந்து பேட்டரி பண்றார், அதுலதான் சாருவோட கச்சேரி" என்று சொல்லிவிட்டு வந்தார். அதைக் கேட்ட பிறகு எனக்குத் தலைகால் புரியவில்லை. லேபில் கெஞ்சிக் கூத்தாடி, பிஸ்கட் அளவில் மூன்று செல்களைக் கேட்டு வாங்கினேன். வரிசையாக இணைத்தேன். பெட்டிக்குள் டார்ச் செல் வைக்கும் தகடுகளைக் கழற்றி வீசிவிட்டு என் பேட்டரியைக் கச்சிதமாக உட்கார வைத்தேன். மாக்னீசியமும் டைட்டானியமும் சேர்த்து நான் பதப்படுத்திய கேத்தோடு, அம்மாடி, அன்றைக்கு எனக்கு இருந்த பெருமை!

கச்சேரி நாள். மேடைக்குப் பின்னால் இருந்த அறையில் சார்ஜரைச் சொருகினேன். வயலின் வாசிக்கும் பெண்ணும் மிருதங்க வித்வானும் காபி குடித்துக்கொண்டு வேடிக்கை பார்த்தார்கள். அவர்கள் குடித்து முடிப்பதற்குள் சார்ஜ் ஏறிவிட்டது. பச்சை விளக்கு. சூடுகூட ஆகவில்லை. மிருதங்க வித்வான், "பேஷ்! என் போன் காலம்பறலேந்து ஏறிண்டிருக்கு" என்றார். மாமா என் தோளைத் தட்டினார். கல்யாணமாகி முதல் தடவை.

மாமாவே பெட்டியின் குமிழைத் திருகி அஞ்சரைக் கட்டைக்குச் சரி பார்த்துக் கொடுத்தார். வயலின் அதோடு சேர்ந்தது. மிருதங்கம் சேர்ந்தது. திரை விலகியது. நான் முன் வரிசையில் மாமாவுக்குப் பக்கத்தில் கால் மேல் கால் போட்டு உட்கார்ந்தேன்.

ஆரம்பத்தில் பாடும் வர்ணம் அமர்க்களம். அடுத்ததும் நன்றாகத்தான் போனது. எனக்கு மட்டும் ஏதோ இறங்குவது போலக் கேட்டது. ஹாலில் ஒருவருக்கும் ஒன்றும் தெரியவில்லை, ஏனென்றால் எல்லாம் ஒன்றாகவே இறங்கிக்கொண்டிருந்தது. பெட்டி இறங்கியது. சுருதியை விடக்கூடாது என்று சின்ன வயதிலிருந்து சொல்லி வளர்க்கப்பட்ட சாரு, பெட்டியைப் பிடித்துக்கொண்டு கூடவே இறங்கினாள். வயலின் பெண் விரலைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி அவளோடு இறங்கினாள். மிருதங்கம் மட்டும்தான் போட்ட இடத்தில் இருந்தது. அதை நினைத்தவுடன் எப்படி இறக்குவது? தோலாயிற்றே.

அப்புறம் திடீரென்று பெட்டி ஒரு படி 'தொபுக்' என்று விழுந்து, மறுபடி நிதானமாக நின்றது.

அந்த விழுதலை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். இரண்டு வருடமாக லேப் கம்ப்யூட்டரில் தினமும் பார்த்தது. எங்கள் சோடியம் வீடு திரும்பும்போது ஒரே சீராகத் திரும்பாது. கொஞ்ச நேரம் வரிசையாக வரும், அப்புறம் உள்ளே இடம் மாற்றி உட்காரும், அப்போது மின்னழுத்தம் ஒரு படி சரியும். மறுபடி வரிசை, மறுபடி சரிவு. பழைய பெட்டியில் மின்னழுத்தம் சரிந்தால் சுருதி சரியும். சார்ஜ் ஏற்றுவதே வேலையாக இருந்தவனுக்கு, அது இறங்கும் என்பதே மறந்துபோயிருந்தது. வீட்டைக் காலி செய்ய வைப்பதில் டாக்டர் பட்டம் வாங்கப் போகிறவன், திரும்பி வருகிறவர்களைப் பற்றி யோசிக்கவே இல்லை. மடையன்.

அதைவிட மோசம், எனக்கு மட்டும் தெரியும், இரண்டாவது படி இன்னும் பெரியது.

மேடையில் சாரு வயலினை முறைத்தாள். வயலின் பெண் தந்தியை முறுக்கும் பிருடையைத் திருகிக்கொண்டே மிருதங்கத்தை முறைத்தாள். மிருதங்க வித்வான் சுருதி சேர்க்கும் கல்லை எடுத்துத் தட்டிக்கொண்டே பொதுவாக எல்லோரையும் முறைத்தார். பெட்டியை மட்டும் யாருமே சந்தேகப்படவில்லை. சுருதிப் பெட்டியைச் சந்தேகப்படுவதும் பெற்ற தாயைச் சந்தேகப்படுவதும் அவர்களுக்கு ஒன்றுதான்.

மாமா என் கையைப் பிடித்தார். கை ஜில்லென்று இருந்தது.

"ஆண்டோ, நேக்கு என்னமோ மாதிரி இருக்கு. மிருதங்கம் ஒரு பக்கம் கேக்கறது, பாட்டு ஒரு பக்கம் கேக்கறது. சோடியம் இறங்கிடுத்துன்னு நெனைக்கறேன்."

"இல்ல மாமா, உங்களுக்கு ஒண்ணுமில்ல."

"போன தடவையும் இப்படித்தான் ஆரம்பிச்சுது. கொழந்தை கச்சேரியைக் கெடுக்கப்படாது. மெதுவா வெளியில அழைச்சுண்டு போயிடுங்கோ. ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணுங்கோ."

இறங்கியது என் சோடியம்தான் என்று அவரிடம் எப்படிச் சொல்வது? கைப்பையிலிருந்து அவரே உப்பு பிஸ்கட்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். "கொஞ்சம் தேவலாம்" என்று வேறு சொன்னார்.

சாரு கல்யாணி ராகத்தை எடுத்தாள். அதுதான் அன்றைய பிரதானம். ஆலாபனையில் மெல்ல மெல்ல மேலே ஏறிக்கொண்டிருந்தாள். கண்ணை மூடியிருந்தாள். என்ன அழகாகப் பாடினாள்! அவள் ஏறிக்கொண்டிருக்கும்போதே இரண்டாவது படி விழுந்தது. அவள் உச்சிக்குப் போய் நின்றபோது அது உச்சியாகவே இல்லை. நாலு கட்டைக்கு வந்துவிட்டோம். அவள் கண்ணைத் திறந்து தன் தொண்டையைத் தடவிப் பார்த்தாள். அந்தத் தடவலை என்னால் தாங்க முடியவில்லை. குரல் போய்விட்டது என்று நினைத்துவிட்டாள். அழுகையே வந்துவிட்டது எனக்கு.

கைகாட்டினேன். பெட்டி, பெட்டி என்று சதுரமாக வரைந்து காட்டினேன். டிபன் பாக்ஸ் கேட்கிறேன் என்று நினைத்து முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மாமாவைப் பக்கத்தில் இருந்தவரிடம் ஒப்படைத்துவிட்டு ஓடினேன். மேடை ஓரத்தில் மைக் செட் பார்க்கும் தனசேகர் உட்கார்ந்திருந்தார்.

"அண்ணே, பெட்டி பேட்டரி இறங்குது. வேற பேட்டரி ஏதாவது இருக்கா?"

"இன்னா சார் இப்ப வந்து கேக்கற? செல்லெல்லாம் இல்ல. அடாப்டர் ஒண்ணு கீது, பன்னண்டு வோல்ட்டு. வேணுமா?"

என் பேட்டரி முழுசாக ஏறியிருந்தபோது கிட்டத்தட்ட அதே பன்னிரண்டுதான். கடவுளே காட்டிய வழி என்று நினைத்தேன். 'ஙொய்' சத்தம் வந்தால் வந்துவிட்டுப் போகட்டும்.

"குடுங்கண்ணே."

"மெதுவா போ சார். ஒயர இழுத்துக்கினு போய் மைக்க சாச்சிடாத."

தனி ஆவர்த்தனம் ஆரம்பிக்கும்வரை காத்திருந்தேன். அப்போது மிருதங்கம் மட்டும்தான் வாசிக்கும், சாரு தாளம் போட்டுக்கொண்டு அதிலேயே மூழ்கியிருப்பாள். பின்திரைக்கு அடியில் தவழ்ந்து போனேன். (ஜரிகை வேட்டி. கல்யாணத்தில் மாமா வாங்கிக் கொடுத்தது. இனி கட்ட முடியாது.) பெட்டியின் சத்தத்தைச் சுத்தமாகக் குறைத்தேன். யாரும் கவனிக்கவில்லை. என் பேட்டரியைப் பிடுங்கினேன். அடாப்டரைச் சொருகினேன். சத்தத்தை ஓர் இழை மட்டும் கூட்டி, காதை வைத்துக் கேட்டேன். அஞ்சரை! ஆரம்பித்த இடத்துக்கே வந்துவிட்டது. 'ஙொய்'கூட லேசாகத்தான் இருந்தது. எனக்கு வந்த சந்தோஷத்தில் அங்கேயே எழுந்து நின்று கும்பிடலாம் போல இருந்தது.

நான் கவனிக்காத விஷயம் ஒன்று இருந்தது. தனி ஆவர்த்தனத்துக்கு நடுவே மிருதங்க வித்வான் கீழிருந்து தட்டித் தட்டி, படாத பாடுபட்டு, மிருதங்கத்தை நாலு கட்டைக்குக் கொண்டுவந்து சேர்த்திருந்தார். வயலின் தந்திகளும் இறங்கிவிட்டிருந்தன. அன்று மதியம் முதல் தடவையாக மேடையில் மூன்று பேரும் ஒற்றுமையாக இருந்தார்கள். எல்லோரும் ஒரே இடத்தில் தப்பாக இருந்தார்கள். அந்த நேரம் பார்த்து நான் பெட்டியை மட்டும் சரி செய்திருந்தேன்.

வித்வான் கடைசிக் கோர்வையை முடித்தார். கைதட்டல். சாரு பல்லவியை எடுத்தாள். நான் பெட்டியின் சத்தத்தைக் கூட்டினேன்.

என்ன சொல்ல! சாரு நாலில் ஆரம்பித்தாள். பெட்டி அஞ்சரையில் அலறியது. அவள் பாதி வரியில் தாவி மேலே ஏறினாள். வயலின் பின்னால் ஓடி வந்து, பிருடையை அவசரமாக முறுக்க, 'டங்' என்று தந்தி அறுந்தது. மிருதங்கம் நாலிலேயே நின்றது. தூங்கிக்கொண்டிருந்த பிரிவில் மூன்று பேர் எழுந்து உட்கார்ந்தார்கள். அதே விநாடி கதவைத் திறந்துகொண்டு செயலாளர் உள்ளே வந்தார்.

மிருதங்க வித்வான் மைக் பக்கம் குனிந்து பவ்யமாகக் கேட்டார்: "அம்மா, இன்னிக்கு எந்தச் சுருதின்னு முடிவு பண்ணிட்டேளா? நானும் அங்கயே வந்துடறேன்."

சாரு திரும்பினாள். பெட்டிக்குப் பின்னால், திரைக்கும் தரைக்கும் நடுவே, என் தலை இருந்தது. கையில் பேட்டரி இருந்தது.

எனக்கு அப்போதே பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் என்று இருந்தது. பிளக்கவில்லை. அதற்குப் பதிலாக முன் வரிசையில் மாமா எழுந்தார். முகத்தில் அப்படி ஒரு ஆனந்தம். ஹால் முழுக்கக் கேட்கும்படி, "நேக்கு ஒண்ணும் இல்லே! என் காது நன்னாத்தான் இருக்கு! பேட்டரிதான்! உப்பு பேட்டரி!" என்று கூவினார். செயலாளரிடமும் போய்க் கையைப் பிடித்துக்கொண்டு அதையே சொன்னார்.

சாரு கையை நீட்டிப் பெட்டியை நிறுத்தினாள். அறுந்த தந்தி, இறங்கிய மிருதங்கம் எல்லாவற்றையும் வைத்துக்கொண்டு பெட்டி இல்லாமலே மங்களம் பாடி முடித்தாள். செயலாளர் பொன்னாடை போர்த்தி, "அடுத்த வருஷம் பார்க்கலாம்" என்றார். சபா மொழியில் அதற்கு என்ன அர்த்தம் என்று எல்லோருக்கும் தெரியும்.

ஆட்டோவில் வீட்டுக்குத் திரும்பினோம். லஸ் முனை வந்தபோது சாரு சொன்னாள்.

"குரல் போயிடுத்துன்னு நெனைச்சேன் ஆண்டோ. நிஜமாவே பயந்துட்டேன்."

மன்னிப்புக் கேட்டேன். திட்டியிருந்தால் தேவலை. திட்டவில்லை. எனக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

மாமா வழக்கம்போல அந்தக் கச்சேரியையும் போனில் பதிவு செய்திருந்தார். வெட்கத்தை விட்டு அதை என் பேராசிரியரிடம் போட்டுக் காட்டினேன். சிரித்துச் சிரித்து அவருக்குப் புரை ஏறிவிட்டது. அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, இரண்டாவது படியை மறுபடி போடச் சொன்னார். "மாடி நகர்றது கேக்குதா? இப்படி விழுந்தா விரிசல் விடாம என்ன பண்ணும்?" என்றார். அதற்குப் பிறகு கலவையை மாற்றினோம். டைட்டானியத்தைக் கூட்டினோம். இப்போது எங்கள் கேத்தோடில் படிகள் மழுங்கிவிட்டன, வளைவு வழுக்கிக்கொண்டு இறங்குகிறது. வேகமாக ஏற்றினாலும் முன்னளவுக்கு விரிசல் இல்லை. லேபில் புதுக் கலவையைச் சோதிக்கும்போதெல்லாம், "கல்யாணி பாடுமா?" என்றுதான் கேட்பார்கள். ஆராய்ச்சிக்கு நல்லது நடந்தது. சாருவுக்கு என்ன நடந்தது? அதற்கடுத்த இரண்டு வருடமும் அதே பகல் கச்சேரிதான்.

மூன்றாவது வருடம் கிடைத்தது சாயங்காலம். சேதி வந்த அன்று சாரு என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். அழுது முடித்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு தெளிவாகச் சொன்னாள்: "நீ ஹாலுக்குள்ள வரப்படாது."

இன்றுவரை அதுதான் சட்டம். அவள் கச்சேரி என்றால் நான் சபா கேன்டீனில் உட்கார்ந்திருப்பேன். ஆத்துக்காரர் எங்கே என்று யாராவது கேட்டால், "சார்ஜ் ஏத்திண்டிருக்கார்" என்று குடும்பமே ஒரே குரலில் சொல்கிறது. கல்யாணத்துக்குப் போனாலும் சொல்கிறார்கள். துக்கத்துக்குப் போனாலும் சொல்கிறார்கள். சர்வர்களுக்கு என்னை நன்றாகத் தெரியும். கேட்காமலே அடை வருகிறது.

அந்த முதல் சாயங்காலக் கச்சேரியன்று சுவருக்கு இந்தப் பக்கம் அடையைப் பிட்டபடி உட்கார்ந்திருந்தேன். அந்தப் பக்கம் ஹால் நிறைந்திருந்தது. கதவு திறந்து மூடும்போதெல்லாம் அவள் குரல் ஒரு வாய் வெளியே வரும். அஞ்சரைக் கட்டை. கல் மாதிரி நின்றது. எழுந்து உள்ளே ஓடிவிடலாம் என்று தவித்தேன். ஓரமாக நின்றுகூடக் கேட்கக்கூடாதா என்று இருந்தது.

தனி ஆவர்த்தனம் ஆரம்பித்ததும் ஜனங்கள் காபிக்கு வெளியே வந்தார்கள். மாமாவும் வந்தார். என் எதிரே உட்கார்ந்தார். கண்ணெல்லாம் கலங்கியிருந்தது. என் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, ரொம்பப் பிரியமாகச் சொன்னார்:

"சுருதி அப்படியே சுத்தமா நிக்கறது ஆண்டோ. நீங்க இங்கயே இருங்கோ."